சேர்க்கவா என்று கேட்கும் பெட்டி

ஜனவரி 9

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். போனில் கேட்டால் உன் பதில் என் காதில் ஏறாது. கிடங்கில் இத்தனை வருடம் லாரி இரைச்சலுக்குத் தாரை வார்த்த காது, இனி அதைத் திருப்பிக் கேட்க முடியுமா? அதனால் நமக்குக் கடிதம்தான் சரி. கம்ப்யூட்டரில் தட்டினாலும் கடிதம் கடிதம்தான்.

நீ அனுப்பிய கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. பார்சலை நானே பிரித்தேன். ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்குப் பார்சல் பிரிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் படம் உன் அம்மாவை எடுத்தேன். "என்னை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு முறைத்தாள். படம் பிரமாதமாக வந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் விஷயமே. மெமரி கார்டைக் கேமராவிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். உங்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர், அதுதான் நீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, படங்களைச் சேர்த்து அடுக்கி வைப்பது, அது தானாகத் திறந்தது. திரைக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டி. "புதிய படங்கள் வந்திருக்கின்றன. சேர்க்கவா?" என்று தமிழில் கேட்டது. கண்ணு, அது நீ செய்ததுதானே? போன தடவை வந்தபோது சொன்னாயே!

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி வீட்டு எலக்ட்ரீஷியனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "பாருங்க, இது என் பொண்ணு செஞ்சது" என்றேன். அவர் குனிந்து படித்துவிட்டு, "ரொம்ப மரியாதையா கேக்குதே சார்" என்றார். யார் வளர்த்த பிள்ளை, மரியாதை இல்லாமல் கேட்குமா? "ஆமாம்" என்ற பொத்தானை நானே அமுக்கினேன்.

உன் சௌக்கியத்துக்கு எழுது.

இப்படிக்கு,
நெஞ்சு நிமிர்ந்து நடக்கும் உன் அப்பா


ஜனவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன், போர்த்திக்கொள்கிறேன், அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். அவள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா, அல்லது ஒத்தடம் கொடுக்க நேரமில்லை என்று மாடியேறிப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளா?

ஆமாம் அப்பா, அந்தப் பெட்டி நான் செய்ததுதான். அந்தச் சாஃப்ட்வேரில் நூறு பேருடைய வேலை இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னப் பெட்டி முதல் எழுத்திலிருந்து கடைசிப் பொத்தான் வரை என்னுடையது. தமிழில் "சேர்க்கட்டுமா" என்று வைப்பதா, "சேர்க்கவா" என்று வைப்பதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஆனால் எந்தப் படம் புதிது, எது ஏற்கனவே சேர்த்தது என்று அது பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை நீங்கள் "ஆமாம்" சொல்லிவிட்டால் அதே படத்தை மறுபடி கேட்கக்கூடாது. கேட்டதையே கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கு அதில்தான் பெருமை.

நிறையப் படம் எடுங்கள். அம்மாவைச் சிரிக்க வைத்து எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் கடிதத்தை இரண்டு தடவை எனக்காகவும் ஒரு தடவை அம்மாவுக்காகவும் படித்தேன்.

உன் பெட்டி மிக நன்றாக வேலை செய்கிறது. நீ எழுதியிருக்கிறபடியேதான் வேலை செய்கிறது. ஒரு குறையும் சொல்வதற்கில்லை. குறை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்த நான் சொல்கிறேன், வைத்துக்கொள்.

போன வாரம் எதிர்வீட்டு டீச்சருக்குக் காட்டினேன். சனிக்கிழமை தபால்காரர் வந்தார், அவருக்கும் காட்டினேன். அவர் அவசரத்தில் இருந்தார். ஆனாலும் உட்கார வைத்துக் காட்டினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் நிதானமாக நடக்கிறது. அதற்கும் வயதாகிறது, எனக்கும் வயதாகிறது, இரண்டு பேரும் அனுசரித்துப் போகிறோம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா கடைசியில் ஒரு வரி எழுத வேண்டுமாம்.

உன் நலம் விரும்பும் அப்பா

(கண்ணு, நான் அம்மா. கம்ப்யூட்டரில் இந்தப் படப் புஸ்தகத்தை எப்போது திறந்தாலும் நான்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். பக்கம் பக்கமாக நிற்கிறேன். இவர் என்னை ஒரு தடவைதானே எடுத்தார்?)


மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலமா? நான் உடம்புக்கு நலம். மனசுக்குத்தான் கொஞ்சம் சரியில்லை, அதனால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

என் பெட்டியைப் பற்றிப் புகார் மேல் புகாராக வருகிறது. சேர்த்த படங்களையே மறுபடி மறுபடி சேர்க்கவா என்று கேட்கிறதாம். கம்ப்யூட்டரைத் திறக்கும் போதெல்லாம் கேட்கிறதாம். "ஆமாம்" என்றால் ஒரே படம் இரண்டாகி, நாலாகி, இடத்தை அடைத்துக்கொள்கிறதாம். எல்லாருக்கும் இல்லை, நூற்றில் ஒருவருக்கு. ஆனால் அந்த ஒருவர் போடுகிற சத்தம் நூறு பேருக்குக் கேட்கிறது.

கண்டுபிடிக்க முடிந்தால் சரிசெய்துவிடலாம். எங்கள் ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாலும் அது சமர்த்தாக ஒரு தடவைதான் கேட்கிறது. கண்ணுக்கு முன்னால் நடக்காத தவற்றை எப்படிப் பிடிப்பது? புகார் சொன்னவர்களில் பலருக்கு எழுதிக் கேட்டேன். கோபத்தில் இருப்பவர்கள் விவரம் சொல்வதில்லை, திட்டத்தான் செய்கிறார்கள்.

எங்கள் டீம் லீடர் நல்ல மனுஷி. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். ஏப்ரல் கடைசி வரை பார்ப்பார்களாம். அதற்குள் சரியாகவில்லை என்றால் அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டு, வேறு ஒரு குழு செய்ததை வைப்பார்களாம். என்னையும் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். வேலை போகாது, பயப்பட வேண்டாம். ஆனால் அப்பா, நான் முழுசாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் அது அப்படிக் கேட்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 24

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். குழாய் வேலை இழுத்துக்கொண்டே போனதால் உடனே எழுத முடியவில்லை. குழாய்க்காரர் வாஷர் போதும் என்றார், நான் பார்த்தவுடனே சொல்லிவிட்டேன், மரையே தேய்ந்திருக்கிறது என்று. கடைசியில் நான் சொன்னதுதான் சரி. அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் ஒரு தைலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடு முழுக்க அந்த வாசனைதான். இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள்.

புகார் சொல்கிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். யார் அவர்கள்? ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரியாதவர்களாக இருக்கும். சாமானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, செய்தவனைத் திட்டுகிற ஆட்களைக் கிடங்கில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. இரண்டாவது தடவை கேட்டால்தான் என்ன குறைந்துவிட்டது? ஒரு "ஆமாம்" சொல்ல அவ்வளவு கஞ்சத்தனமா?

நீ உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்குத் தைலம் கேட்கிறதா?

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. குழாய் மரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், டீச்சர் வீட்டு வெள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் கேள்விக்கு ஒரு வரி இல்லை.

நேற்று உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். எலக்ட்ரீஷியனுக்குக் காட்டினீர்கள், சரி. டீச்சருக்கு எப்படிக் காட்டினீர்கள்? தபால்காரருக்கு எப்படிக் காட்டினீர்கள்? புதுப் படம் இருந்தால்தானே பெட்டி வரும்? ஆள் வரும்போதெல்லாம் போய்ப் புதுப் படம் எடுத்துவிட்டு வந்தா காட்டினீர்கள்? ஒரே தடவை எடுத்த அம்மா எப்படிப் பக்கம் பக்கமாக நிற்கிறாள்?

இந்த ஒரு மாதம்தான் மிச்சம் அப்பா.

மகள்


ஏப்ரல் 5

அன்புக் கண்ணுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உன் அப்பா காய்கறி வாங்கப் போயிருக்கிறார். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதிவிட வேண்டும். எனக்கு ஒரு விரலால்தான் தட்டத் தெரியும்.

அந்தப் பெட்டி இங்கே தினமும் வருகிறது. முதல் நாளிலிருந்தே வருகிறது. காலையில் காபியோடு போய் உட்காருவார். அது சேர்க்கவா என்று கேட்கும். இவர் "ஆமாம்மா" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். "வேண்டாம்னு அமுக்குங்களேன், நான் எத்தனை இடத்திலதான் முறைக்கிறது?" என்று கேட்டேன். "என் பொண்ணு கேக்குறா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்கிறார். கம்ப்யூட்டர் நிறைந்துபோய் மூச்சு முட்டுகிறது. அதையும் உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த நாளிலிருந்து மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. "எந்தச் சரக்குல குறை இருந்தாலும் தயங்காம எழுதிக் கொடுத்தவன் நான். என் பொண்ணு சரக்குல குறைன்னு என் கையால எழுதவா?" என்று என்னிடம் கேட்டார். அவர் வாயிலிருந்து போனால் அதுவே உனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று பயப்படுகிறார். நான் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சு என்றைக்கு எடுபட்டது?

கேட் சத்தம் கேட்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


ஏப்ரல் 6

என் அன்பான அப்பாவுக்கு,

நலம், நலம், மிக நலம்! அம்மாவைக் கோபிக்காதீர்கள். அவள் எனக்குச் செய்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் என் வீட்டுக் கூடத்திலேயே இருந்திருக்கிறது. தினமும் தவறாமல் அந்தத் தவறு நடக்கிற ஒரு இடம் எனக்கு வேண்டும். அதைக் கோபப்படாமல் பார்த்து, பார்த்ததை உள்ளபடி எழுதுகிற ஒருவர் வேண்டும். உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

சின்ன வயதில் உங்கள் கிடங்குக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது பார்த்திருக்கிறேன். குறையுள்ள சரக்கு வந்தால் நீங்கள் கத்த மாட்டீர்கள். உட்கார்ந்து எழுதுவீர்கள். அதை வாங்கிப் படித்துவிட்டு ஒரு கம்பெனிக்காரர், "இப்படி எழுதிக் குடுத்தா ஒரே நாள்ல சரி பண்ணிடுவேன்" என்றார். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதே மாதிரி எனக்கும் எழுதுங்கள். மகள் என்று பார்க்காதீர்கள். காலையில் உட்காருவதிலிருந்து பெட்டி வருவது வரை, நீங்கள் செய்வது ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். அற்பமாகத் தோன்றுவதையும் எழுதுங்கள்.

குறை சொன்னால் என் கௌரவம் போகாது அப்பா. சொல்லாவிட்டால்தான் போகும்.

உங்கள் மகள்


ஏப்ரல் 8

அன்பு மகளுக்கு,

உன் அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். இருக்கட்டும், அவளை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். நாங்கள் நலம்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்துவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சரக்கு: சேர்க்கவா பெட்டி. செய்தவர்: என் மகள். குறை: ஏற்கனவே சேர்த்த படங்களைப் புதியவை என்று கருதி, கம்ப்யூட்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது. "ஆமாம்" என்றால் முழுவதையும் மறுபடி சேர்க்கிறது. "வேண்டாம்" என்றால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, சொன்னதில்லை.

கையாளும் முறை: படம் எடுத்து முடித்ததும் கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுப்பேன். கார்டின் ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கிறது. பக்கத்திலேயே பூட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். அதைப் பூட்டும் பக்கம் தள்ளுவேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை தள்ளிப் பார்ப்பேன். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் செருகுவேன், அடுத்த படம் எடுக்கும் வரை அங்கேயே இருக்கும். கேமராவுக்குத் திரும்பும்போது பூட்டைத் திறப்பேன், இல்லாவிட்டால் கேமரா படம் எடுக்க மாட்டேன் என்கிறது. பூட்டு என்று ஒன்று கொடுத்திருக்கும்போது பூட்டாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. அந்தக் கார்டில் உன் அம்மா இருக்கிறாள்.

கார்டில் அழுக்கு இல்லை, துருவில்லை. கம்ப்யூட்டர் மேஜை ஆடவில்லை. சரக்கு மற்றபடி முதல் தரம். இந்த வரியைக் கடமைக்காக எழுதவில்லை.

அப்பா


ஏப்ரல் 15

என் அப்பாவுக்கு,

எல்லாரும் நலமா? நான் இங்கே தரையில் நடக்கவில்லை!

அந்தக் குட்டித் தாழ்ப்பாள்தான் அப்பா. படங்களைச் சேர்த்து முடித்ததும், "இவையெல்லாம் சேர்த்தாகிவிட்டது" என்று என் பெட்டி அந்தக் கார்டிலேயே ஒரு குறிப்பு எழுதி வைக்கும். அடுத்த முறை அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பூட்டிய கார்டில் எதையும் எழுத முடியாது. எழுத முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லவும் நான் அதற்குச் சொல்லித்தரவில்லை. அதனால் குறிப்பு இல்லாமலே மறுநாள் விழித்து, எல்லாமே புதுசு என்று நினைத்துக் கேட்டிருக்கிறது. எங்கள் ஆபீஸில் ஒருவரும் கார்டைப் பூட்டுவதில்லை. அவசரக் குடுக்கைகள்! அதனால்தான் எங்களுக்கு வரவே இல்லை. கண்ணும் கருத்துமாகப் பூட்டி வைத்தவர்களைத்தான் அது போட்டுப் படுத்தியிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கார்டை வாங்கிப் பூட்டிச் செருகினேன். கேட்டது. எடுத்து மறுபடி செருகினேன். "ஆமாம்" சொன்ன படங்களையே மறுபடி கேட்டது. நான் போட்ட கூச்சலில் டீம் லீடர் எழுந்து ஓடி வந்தார். என் பெட்டி தப்பு செய்ததைப் பார்த்து நான் குதித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது அந்தக் குறிப்பைக் கார்டில் எழுதுவதில்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதிக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். இரண்டிரண்டாகச் சேர்ந்த படங்களைக் கண்டுபிடித்து நீக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறேன். கூட்டத்தில், "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று மேலே இருக்கிறவர் கேட்டார். உங்கள் கடிதத்தை எழுந்து நின்று முழுசாகப் படித்தேன், "அந்தக் கார்டில் உன் அம்மா இருக்கிறாள்" வரைக்கும். "இது என் அப்பா. ஸ்டோர்கீப்பர்" என்றேன். டீம் லீடர், "பெட்டி உன்கிட்டயே இருக்கும். அதை இனி யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

மே மாதம் நடுவில் புதிய பதிப்பு உங்களுக்கு வரும். வந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள். கார்டைப் பூட்டித்தான் போட வேண்டும், சொல்லிவிட்டேன்.

பெருமையோடு,
உங்கள் மகள்


மே 20

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மா நேற்று மாடிக்கே ஏறிவிட்டாள். தைலத்தால் என்று டாக்டர் நினைப்பார். எலக்ட்ரீஷியன் வீட்டில் உன் கதையைச் சொல்லப் போன வேகம் என்று எனக்குத் தெரியும்.

புதிய பதிப்பு வந்தது, ஏற்றினேன். நீ வைத்த வழியில் இரட்டைப் படங்களையெல்லாம் தேடிப் பிடித்து நீக்கினேன். இரண்டு நாள் வேலை. பழைய கிடங்கில் சரக்குச் சரிபார்த்த சந்தோஷம். கம்ப்யூட்டருக்கு மூச்சு வந்துவிட்டது. உன் அம்மா இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் முறைக்கிறாள்.

மறுநாள் காலையில் கார்டு பூட்டியபடி உள்ளே இருக்க, காபியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் மனசுக்கு என்னவோ போல் இருந்தது. தினமும் நீ வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிற மாதிரி பழகியிருந்தேன். அதன் பிறகு, இதைச் செய்ததும் நீதானே என்று நினைத்தேன். காபி ஆறிப்போய்விட்டது, அதையும் குடித்தேன்.

நேற்று எலக்ட்ரீஷியன் தன் மச்சானை அழைத்து வந்தார். "சார், அந்தப் பெட்டிய இவருக்குக் காட்டுங்க" என்றார். அப்போது உன் அம்மா வந்து, "என்னை ஒண்ணு ஒழுங்கா எடுங்க, இவங்க எல்லாம் பாக்கறாங்க" என்று தலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். எடுத்தேன். கார்டைப் பூட்டி, தள்ளிப் பார்த்து, செருகினேன். "ஒரு புதிய படம் வந்திருக்கிறது. சேர்க்கவா?" என்று கேட்டது. ஒரே ஒரு படம், மற்றதையெல்லாம் அது தொடவில்லை. "ஆமாம்மா" என்று அமுக்கினேன்.

மச்சான் சரியாகப் பார்க்கவில்லையாம். "இன்னொரு தடவை வர வைங்க சார்" என்றார். கார்டை எடுத்து மறுபடி செருகினேன். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.

"என்ன சார், கெட்டுப்போச்சா?" என்றார் மச்சான்.

"இல்லைங்க. இது என் பொண்ணு செஞ்சது. ஒரு தடவை சொன்னா போதும்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். லீவு கிடைத்தால் வா.

இப்படிக்கு,
உன் அப்பா